ஒன்பது கட்டமும் மரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு மதியம் முழுக்க வீட்டில் இணையம் வரவில்லை. சேவை மையத்தைக் கூப்பிட்டேன். புகாருக்கு ஒன்றை அழுத்துங்கள், பழைய புகாருக்கு இரண்டை அழுத்துங்கள், முந்தைய பட்டியலுக்குத் திரும்ப நட்சத்திரக் குறியை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே போன குரல் கடைசியில் நின்று, ஒரு பாட்டு ஆரம்பித்தது. 43 நிமிடம் ஓடியது. அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மறுநாளே இணைப்பு வந்துவிட்டது, கடைசியில் பேசிய பெண்ணும் பொறுமையாகத்தான் பேசினார். அந்த 43 நிமிடமும் என் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது, இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாட்டு வாதுமையைப் பார்த்திருப்பீர்கள். வெப்ப நாடுகளின் கடற்கரைகளில் பரவலாக நிற்கிற மரம், ஏனென்றால் அதன் காய் தண்ணீரில் மிதக்கும், அலை எங்கே கொண்டுபோய் ஒதுக்கினாலும் முளைக்கப் பார்க்கும். நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக ஒரு அடுக்கு கிளை, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் ஒரு அடுக்கு என்று தட்டுத்தட்டாக விரிந்து நிற்கும். இலை உள்ளங்கையைவிடப் பெரிது. உதிர்வதற்கு முன்னால் நன்றாகச் சிவந்துவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு சிவப்பு இலை மேல் தட்டிலிருந்து கழன்று, கீழ்த் தட்டில் சிக்கி, அங்கே ஒரு அணில் ஓடிய அதிர்வில் மறுபடியும் கிளம்பி, மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அதைக் காற்று பிய்த்துப் போட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், இலையை விடுவதற்கு முன் மரம் அதிலிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் மாதிரியான சத்துகளில் கணிசமான பங்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறதாம், காம்பின் அடியில் செல்களால் ஒரு மெல்லிய அடுக்கைக் கட்டுகிறதாம், அந்த இடத்தில்தான் இலை கழன்று விழுகிறதாம். விழுந்த இடத்தில் காயம் திறந்து கிடக்காமல் மூடியும் விடுகிறது. ஒரு இலைக்கு இவ்வளவு வேலை!

இதில் எனக்கு எரிச்சல் தந்தது பாட்டு அல்ல. அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு குரல் வருகிறதே, அதுதான். ஒவ்வொரு முறையும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹலோ" என்று சொல்லி, பிறகு மறுபடியும் பாட்டு. இந்தக் காத்திருப்பு இசையைக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் லெவி என்ற தொழிற்சாலை உரிமையாளர். ஒரு தொலைபேசிக் கம்பி தளர்ந்து கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் பட்டுக்கொண்டிருக்க, கட்டடமே ஏரியல் மாதிரி ஆகிப் பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டைக் காத்திருந்தவர்களின் காதுக்கு அனுப்பிவிட்டது. அதைக் கவனித்து 1962-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966-ல் கிடைத்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து யாரும் வைத்துவிடக் கூடாது, சும்மா இருக்கிற நேரம் கொஞ்சம் இனிமையாகப் போகட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். பாட்டை மட்டும் தொடர்ந்து ஓடவிட்டிருந்தால் அந்த மதியம் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி நம் கவனம் எப்படிக் களைக்கிறது, எப்படித் தேறுகிறது என்பதைப் பற்றி வெகுகாலம் ஆராய்ந்தார்கள். நாம் இழுத்துப் பிடித்துச் செலுத்துகிற கவனம் ஒன்று, தானாகப் போய் ஒன்றில் இளைப்பாறுகிற கவனம் இன்னொன்று என்று பிரித்தார்கள். முதலாவது சீக்கிரம் களைத்துவிடும். படிவம் நிரப்புவது, எண்ணை அழுத்துவது, குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் அதைத்தான் கரைக்கிறது. அசைகிற இலை, நகர்கிற மேகம், ஓடுகிற தண்ணீர் ஆகியவை நம்மிடம் எதையும் கேட்பதில்லை, அதனால் களைத்த கவனம் அங்கே தேறிக்கொள்கிறது. 43 நிமிடம் முடிந்து அந்தப் பெண் பேசியபோது என் குரலில் கோபமே இல்லை. மரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் அப்படிப் பேசியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

சுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டி, வயது, பால் முதலியவற்றில் பொருந்துகிற மாதிரி 46 பேரை இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள், மீதிப் பேரின் ஜன்னலில் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டன. 46 பேர் என்பது சின்னக் கணக்குதான், அதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் வலியோடு படுத்திருக்கும் ஒருவருக்கு ஒரு கிளை கண்ணில் படுவது உதவுகிறது என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை.

சரி, இணையம் வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கணக்குக்குள் நுழைய வேண்டியிருந்தது. நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது கட்டங்கள் போட்ட ஒரு படம் வந்தது: "மரம் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்." அடிமரம் நான்கு கட்டங்களில் இருந்தது. ஐந்தாவது கட்டத்தின் மூலையில் ஒரு கிளையின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அதைச் சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தேன், மறுபடி முயலுங்கள் என்றது. வேறு படம் வந்தது, வாசல்படிகளாம். அதைச் சரியாகச் செய்து உள்ளே போய்விட்டேன், ஆனால் அந்தக் கிளை நுனி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மரம் உண்மையில் எங்கே முடிகிறது?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பெரும்பாலான மரங்களின் வேர் நாம் படத்தில் வரைகிற மாதிரி கிளைக்குச் சமமாகக் கீழே ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணில், பெரும்பாலும் முதல் ஒரு மீட்டருக்குள், பக்கவாட்டில் ஓடுகிறது. கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டி, வெகுதூரம் போகும். அப்படியென்றால் அந்தப் படத்தில் தரை தெரிந்த கட்டங்களிலும் மரம் இருந்தது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'பாண்டோ' என்று ஒரு ஆஸ்பென் மரம் இருக்கிறது. பார்த்தால் காடு. சுமார் 43 ஹெக்டேரில் ஏறக்குறைய 47,000 தண்டுகள் நிற்கின்றன, எல்லாமே ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பியவை, மரபணுப்படி ஒரே மரம். பாண்டோ என்றால் லத்தீனில் 'நான் பரவுகிறேன்' என்று பொருள். ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கோ நடுவில் அடிமரமே கிடையாது. பூஞ்சை அரித்துவிட்டதால் 1925-ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகள்மேல் நின்றுகொண்டு ஆல் இன்றைக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. இவற்றைப் படமெடுத்து ஒன்பது கட்டமாக வெட்டினால் எந்தக் கட்டத்தை விடுவது? என் கணக்கில் ஒன்பதும் மரம்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மரம் எங்கே முடிகிறது என்று தெரியாததால்தான் தினமும் அதைக் காயப்படுத்துகிறோம். நடைபாதை போடுகிறவர்கள் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போகிறார்கள். தண்டைத் தொடவில்லை, வெட்டவில்லை, அதனால் தவறு செய்யவில்லை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். கீழே இருக்கிற வேர் மூச்சு விடுகிறது, அதற்குக் காற்றும் தண்ணீரும் மண் இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். தண்டும் வருடா வருடம் பருக்கிறது, அதற்கு இடம் வேண்டும். குழாய் பதிக்க ஒரு பக்கம் பள்ளம் தோண்டி, குறுக்கே வந்த வேர்களை மண்வெட்டியால் நறுக்கிவிட்டு மூடினால், மேலே ஒன்றும் தெரியாது. அடுத்த புயலில் மரம் சாய்ந்ததும் 'பலவீனமான மரம்' என்று பேச்சு வரும். அதன் பிடிமானத்தை வெட்டியது யார் என்பது அதற்குள் எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

கடவுச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது மரத்தோடு சேர்ந்துகொண்டது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறியீடு ஒன்று, 90 நாளுக்கு ஒருமுறை மாற்று என்று நம்மை வாட்டுகிற விதிகள் பரவியதற்கு முக்கியக் காரணம் 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. 2017-ல் அவரே அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகையிடம் சொன்னார். அதே வருடம் அந்த நிறுவனமும் விதியைத் தளர்த்தியது: நீளமாக, நினைவில் நிற்கிற மாதிரி இருந்தால் போதும், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்றது. தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அவர்மீது எனக்கு மதிப்பு கூடிவிட்டது. இப்போது புதுக் கடவுச்சொல் வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே அந்த நிமிடம் கண்ணில் படுகிற, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து பொருட்களைச் சேர்த்து எழுதிக்கொள்கிறேன். மறப்பதில்லை.

மரத்தை விரும்புகிறவர்கள் குழுக்களில் அனுப்புகிற செய்திகள் இன்னொரு தொல்லை. மரங்கள் மண்ணுக்கடியில் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்குச் சாப்பாடு அனுப்புகிறது என்று வாரம் ஒன்றாவது வருகிறது. அதற்கு அடிப்படை உண்டு. கனடாவில் சூசன் சிமார்ட் 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் இடையே கார்பன் கைமாறுவதைக் காட்டினார், வேர்ப் பூஞ்சை இழைகள் அதற்கு வழி என்றார். ஆனால் 2023-ல் மூன்று ஆய்வாளர்கள் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, காட்டில் இது பரவலாக நடக்கிறது என்று சொல்லப் போதுமான சான்று இன்னும் இல்லை என்று எழுதினார்கள். அதைச் சொன்னால் குழுவில் மனத்தாங்கல். மரத்தை உயர்த்திப் பிடிக்க மிகைப்படுத்த வேண்டியதில்லை என்பது என் கட்சி. மோட்டார் இல்லாமல், சத்தமில்லாமல், இலை வழியாக ஆவியாகும் நீரின் இழுப்பு ஒன்றையே வைத்துக்கொண்டு வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கும் ரெட்வுட் மரத்தின் நுனி இலைக்கும் தண்ணீர் இப்படித்தான் போகிறது. எனக்கு இந்த உண்மையே போதும்.

எங்கள் தெருவில் இந்த வாதுமையை வெட்டிவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குப்பை போடுகிறது, வண்டிமேல் இலை விழுகிறது என்பது அவர்கள் பக்கம். நல்ல மனிதர்கள்தான், பெருக்குகிற வேலை அவர்கள் தலையில் விழுகிறது, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். எங்கள் வாசலில் விழுந்த இலை 31. அதே நாளில் என் கைப்பேசியில் வந்து விழுந்த அறிவிப்புகள் 117. நான் வாங்காத பொருளுக்குத் தள்ளுபடி, பதிவே செய்யாத செய்தி மடல், 'உங்களைக் காணவில்லையே' என்று ஒரு விளையாட்டுச் செயலி. இலையை ஐந்து நிமிடத்தில் பெருக்கிக் குழியில் போட்டேன், சில மாதத்தில் மண்ணாகிவிடும். அந்த 117-ஐ ஒவ்வொன்றாக நிறுத்த ஒரு மாலைப்பொழுது போனது, நிறுத்தியதில் சில மறுபடியும் வருகின்றன. பெருக்குகிற வேலையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு தனி மரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசிக்கும்போதெல்லாம் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் நின்ற தெனேரே மரம்தான் ஞாபகம் வரும். ஒரு கருவேல இன மரம், சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வேறு மரமே இல்லை, ஒட்டக வணிகர்களுக்கு அதுதான் வழிகாட்டி. பக்கத்தில் கிணறு தோண்டியபோது அதன் வேர் 30 மீட்டருக்கும் கீழே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். 1973-ல் ஒரு லாரி மோதி அது விழுந்தது. அவ்வளவு வெட்டவெளியில், ஒரே ஒரு மரம், அதன்மேல். காய்ந்த கட்டையை நியாமே நகரின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அது நின்ற இடத்தில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மனிதர்கள் காத்திருக்கிற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன: பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வராந்தா, அலுவலக வரிசை, பள்ளி வாசல். அங்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மரமாவது கண்ணில் படுகிற மாதிரி செய்ய வேண்டும். ஏற்கெனவே மரம் இருந்தால் நாற்காலியைச் சுவர் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலே போதும். அடிமரத்தைச் சுற்றி ஒரு ஆள் கைநீட்டிச் சுற்றுகிற அளவுக்காவது மண் திறந்திருக்கட்டும். கன்று நடுகிற விழாக்களைப் பற்றிச் செய்தி போடுகிறீர்கள், நல்லது, அடுத்த கோடையிலும் ஒரு முறை அங்கே போய்ப் பார்த்து எத்தனை பிழைத்திருக்கிறது என்று போடுங்கள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிறோம். நான் அதை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். வைத்தவர்தான் ஊற்ற வேண்டும், கன்று வேர் பிடிக்கும்வரை, குறைந்தது இரண்டு மூன்று கோடைகளுக்கு.

அப்புறம் ஆணி. அந்த 43 நிமிடத்தில் நான் பார்த்த இன்னொரு பொருள் வாதுமையில் அடித்திருந்த ஒரு விளம்பரத் தகரம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்த அதே உயரத்தில்தான் இருக்கிறது, மரம் மட்டும் ஒரு மாடி உயரம் கூடியிருக்கிறது. மரம் நுனியில்தான் உயர்கிறது, தண்டு பருக்குமே தவிர மேலே நகராது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்துக்குப் பட்ட காயம் நம் தோல் மாதிரி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. அடித்த ஆணி ஒவ்வொன்றின் காயமும் அந்த மரத்தின் உடம்பில் கடைசிவரை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரத்தில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். கழற்றிக்கொள்ளச் சொன்னார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான்கு ஆணிகளில் மூன்றைக் குறடு வைத்து மெதுவாக உருவிவிட்டேன். நான்காவதன் தலையைப் பட்டை முழுக்க மூடியிருந்தது, விரலால் தடவினால் ஒரு சின்னப் புடைப்பு மட்டும் தெரிகிறது. அதைத் தோண்டி எடுத்தால் புதுக் காயமாகிவிடும், அதனால் தகரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்புடன்,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்